தீபாவளியை விடுங்கள், டிசம்பர் 24-க்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

"அக்டோபரில் முதுகலை படிக்க ஜெர்மனி போகிறேன். இதுவரை ஒரு தீபாவளிக்குக்கூட வீட்டில் இல்லாமல் இருந்ததில்லை. அங்கே நம் பண்டிகைகளை எப்படிக் கொண்டாடுவது? அவர்கள் பண்டிகைகளில் நாமும் கலந்துகொள்ளலாமா, ஒதுங்கி நிற்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 2023 அக்டோபரில் கோவில்பட்டியிலிருந்து ஆஹன் நகரத்துக்குப் படிக்கப் போனவன். ஆஹன் ஜெர்மனியின் மேற்குக் கோடி. பெல்ஜியமும் நெதர்லாந்தும் கூப்பிடு தூரம். நான் சொல்லப்போவது அந்த ரைன்லாந்துப் பக்கத்து வழக்கம். நீங்கள் மியூனிக்கோ பெர்லினோ போனால் பாதி மாறும். ஆனால் ஒரு விஷயம் எந்த ஊருக்கும் பொருந்தும். கிளம்பும்போது எல்லோரும் தீபாவளியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். தீபாவளி அன்று அவ்வளவு மோசமாக இருக்காது. வகுப்பு நடக்கும், பஸ் ஓடும், உங்களைப் போலவே ஏங்கிக்கொண்டு நாலு பேர் பக்கத்திலேயே இருப்பார்கள். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விடும் நாள் ஒன்று உண்டு. அது டிசம்பர் 24. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

என் முதல் தீபாவளி 2023 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை, நவம்பர் 11. அந்தத் தேதிக்கு அங்கே என்ன மவுசு என்று எனக்கு அப்போது தெரியாது. காலையில் மளிகை வாங்க வெளியே வந்தால், கோமாளித் தொப்பியும் கோடுபோட்ட சட்டையுமாகப் பெரியவர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். பதினோராம் மாதம், பதினோராம் தேதி, பதினொன்று பதினொன்றுக்குக் கார்னவல் பருவம் தொடங்குகிறதாம். பிப்ரவரியில் வரப்போகும் திருவிழாவுக்கு நவம்பரிலேயே கால்கோள்.

அன்றைக்கே சாயங்காலம் வேறொரு கூட்டம். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. சின்னப் பிள்ளைகள் கையில் குச்சி, குச்சி நுனியில் காகித விளக்கு; அவர்களே பள்ளிக்கூடத்தில் ஒட்டிச் செய்தது. நிலா, நரி, முள்ளம்பன்றி என்று விதவிதமாக. முன்னால் குதிரைமேல் சிவப்புப் போர்வையோடு ஒருவர், பின்னால் பாண்டு வாத்தியம். பிள்ளைகள் விளக்கைப் பற்றிய பாட்டைப் பாடிக்கொண்டே நடக்கிறார்கள். அதுதான் புனித மார்ட்டின் ஊர்வலம். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்த ரோமானியப் போர்வீரன் மார்ட்டின். மயிலுக்கே முழுப் போர்வையையும் கொடுத்த பேகன் ஊர்க்காரனுக்கு இது கொஞ்சம் கணக்குப் பார்த்த கொடையாகத்தான் பட்டது. ஆனால் அந்த இருட்டில் ஆடி ஆடிப் போன விளக்குகளைப் பார்த்ததும் கார்த்திகைக்கு மாவலி சுற்றியது நினைவுக்கு வந்துவிட்டது. எதிரே நின்ற ஒரு அம்மா, என்னை யார் எவர் என்று கேட்காமலே ஒரு வெக்மன் எடுத்து நீட்டினார். மனித உருவத்தில் சுட்ட இனிப்பு ரொட்டி. கண்ணுக்கு உலர்திராட்சை, வாயில் ஒரு சின்னக் களிமண் புகைக்குழாய்.

அறைக்கு வந்து படுத்தேன். இரவு பதினொன்றரைக்கு அம்மாவின் வீடியோ கால். அங்கே விடிகாலை நாலு மணி. குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். அம்மா தலையில் எண்ணெய் வழிய நிற்கிறாள். "எண்ணெய் தேச்சியாடா? தலைக்கு ஊத்தினியா?" என்கிறாள். பக்கத்துத் தெருவில் முதல் சரம் வெடிக்கும் சத்தம் போனில் கேட்கிறது. இங்கே ஜன்னலுக்கு வெளியே கார்னவல்காரர்கள் யாரோ பாடிக்கொண்டே போகிறார்கள். அந்த ஐந்து நிமிடம் சற்றுக் கஷ்டமானதுதான், மறைக்கவில்லை.

இதில் நான் செய்த தப்பு, வீட்டு நேரத்துக்குப் பண்டிகை கொண்டாடப் பார்த்தது. அவர்கள் விடியல் உங்களுக்கு நடுராத்திரி. உங்கள் விடியலில் நீங்கள் எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், நரகாசுரன் கோபித்துக்கொள்ள மாட்டான். சின்னதாகவேனும் அந்தத் தேதியிலேயே செய்துவிடுங்கள்: ஒரு விளக்கு, புதுச்சட்டை, ஒரு இனிப்பு. விருந்தை வார இறுதிக்குத் தள்ளிக்கொள்ளலாம். இரண்டையும் வார இறுதிக்குத் தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பண்டிகையாக இல்லாமல் இன்னொரு பார்ட்டியாக முடிந்துபோகிறது. இந்திய மாணவர்கள் சேர்ந்து நடத்தும் தீபாவளி விழாவும் இருக்கும், போய் வாருங்கள். ஆனால் அது பெரும்பாலும் வடக்கத்தித் தீபாவளி: மாலை, லட்சுமி பூஜை, இந்திப் பாட்டு. விடிகாலைக் குளியல், லேகியம் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

பட்டாசு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சட்டப் பிரச்சினை. சாதாரண மக்கள் வெடி வெடிக்க ஜெர்மனியில் டிசம்பர் 31, ஜனவரி 1 ஆகிய இரண்டு நாள்தான் அனுமதி. கடையில் விற்பதுகூட வருடத்தின் கடைசி மூன்று வேலைநாட்களில் மட்டும். நவம்பரில் ஒரு அணுகுண்டு போட்டால் போலீஸ் வரும். கம்பி மத்தாப்பு மட்டும் வருடம் முழுக்கத் தாராளமாக வாங்கலாம், கொளுத்தலாம். சிவகாசிக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் பிறந்து வளர்ந்தவன், அட்டைப் பெட்டியில் பத்துக் கம்பி மத்தாப்போடு தீபாவளியை முடித்தேன். அப்புறம் புத்தாண்டு இரவு பார்த்தால், வருடம் முழுக்க அடக்கி வைத்திருந்த ஜெர்மனி நடுத்தெருவில் நின்று வெடித்துத் தள்ளுகிறது. அந்தக் கந்தக வாசனைக்காகவே வெளியே போய் நின்றேன்.

வீட்டுக்குள் புகை விஷயத்திலும் கவனம். அறைக்கு அறை கூரையில் புகை அலாரம் இருக்கும். அந்தத் தீபாவளி அன்று சாம்பிராணி போட்டேன். மூன்று நிமிடத்தில் தாழ்வாரமே அலறியது, முழு மாடியும் படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டது, தீயணைப்பு வண்டியும் வந்தது. நல்லவேளையாகத் திட்டோடு போயிற்று. இப்போதெல்லாம் ஒரே ஒரு ஊதுபத்தி, அதுவும் ஜன்னலோரம். விடுதியில் மெழுகுவத்திக்கே தடை இருக்கலாம். வாடகை ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு அகல் ஏற்றுங்கள்.

சாமான்களுக்கு, ஈழத்தமிழர் கடையைக் கண்டுபிடியுங்கள். ரைன்லாந்திலும் ரூர் பகுதியிலும் ஓரளவு பெரிய ஊர்களில் ஒன்றாவது இருக்கும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், பச்சரிசி, வெல்லம் எல்லாம் கிடைக்கும். நான் முதல் முறை போய்த் தீபாவளிக்கு என்று கூடையை நிரப்பியபோது கல்லாவில் இருந்த ஐயா சிரித்தார். "தம்பி இந்தியாவோ? எங்களுக்குத் தைப்பொங்கல்தான் பெரிசு. அப்ப வாரும், கரும்பு இறங்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பண்டிகை ஞாயிறு என்றால் சனிக்கிழமையே எல்லாம் வீட்டில் இருக்க வேண்டும்.

சரி, டிசம்பருக்கு வருவோம். நவம்பர் கடைசியிலேயே ஊர் மாறத் தொடங்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறும் அட்வென்ட். பசுங்கிளை வளையத்தில் நாலு மெழுகுவத்தி, வாரத்துக்கு ஒன்று கூடுதலாக ஏற்றுவார்கள். 1839-இல் ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற பாதிரியார் தொடங்கியது. "கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று பிள்ளைகள் நச்சரித்ததால், நாளைக்கு ஒன்றாக ஏற்ற மெழுகுவத்தி வைத்துக் கொடுத்தாராம். டிசம்பர் 5 இரவு அறைவாசலில் உங்கள் பூட்ஸைத் துடைத்து வையுங்கள். கூட இருப்பவர்கள் நல்லவர்களாக இருந்தால் காலையில் அதற்குள் சாக்லேட்டும் கமலா ஆரஞ்சும் இருக்கும். 6-ஆம் தேதி நிக்கொலவுஸ் நாள், அதாவது புனித நிக்கோலஸ் திருநாள். நான் வைக்கவில்லை. மறுநாள் தாழ்வாரத்தில் என் செருப்பு ஒன்றுதான் காலியாக இருந்தது.

ஆஹனின் கிறிஸ்துமஸ் சந்தை, பழைய பேராலயத்தையும் நகர மண்டபத்தையும் சுற்றி நடக்கும். மது வேண்டாதவர்கள் "கின்டர்புன்ஷ்" என்று கேளுங்கள், சூடான பழச்சாறு தருவார்கள். கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வரும். உருளைக்கிழங்கைத் துருவி அடைபோல் பொரித்து ஆப்பிள் கூழோடு தருவது சைவக்காரர்களுக்கு நல்ல தேர்வு. ஊரின் அடையாளம் பிரிந்தன் என்ற கெட்டிப் பலகாரம்: இஞ்சி, பட்டை, சோம்பு வாசனையும் பீட்ரூட் இனச் சர்க்கரைக்கிழங்குப் பாகும் சேர்ந்தது. நெப்போலியன் காலத்து வணிகத் தடையில் கரும்புச் சர்க்கரை வராமல் போனதால் இந்தப் பாகுக்கு மாறினார்கள். கடித்தால் பல் பேசும். எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது போல, இதற்கும் ஐரோப்பாவில் அப்படியொரு பாதுகாப்பு உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஆய்வகத்தில் கொடுத்தேன், கடலைமிட்டாய் முதலில் தீர்ந்தது. நிலக்கடலை ஒவ்வாதவர்கள் அங்கே உண்டு. கொடுக்கும் முன் "இதில் கடலை இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள்.

இத்தனையும் பார்த்துவிட்டு, 24-ஆம் தேதி இதன் உச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். நம் ஊர்ப் பழக்கம் அது: பண்டிகை அன்றுதான் தெரு நிறையும். அங்கே தலைகீழ். சந்தை 23-ஆம் தேதியே முடிந்துவிட்டது. 2023-இல் 24-ஆம் தேதி ஞாயிறு. 25, 26 இரண்டும் பொது விடுமுறை. சனிக்கிழமை இரவு மூடிய சூப்பர்மார்க்கெட் புதன்கிழமை காலைதான் திறந்தது. எனக்கு இது யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னபோது நான் கவனிக்கவில்லை. பதினான்கு அறை உள்ள தாழ்வாரத்தில் இரண்டு கதவுக்கு அடியில் மட்டும் வெளிச்சம். ஒன்று என்னுடையது, இன்னொன்று ஒரு ஈரானிய மாணவருடையது. தெருவில் போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு எரிகிறது, வெளியே ஒரு ஆள் இல்லை. ஆங்காங்கே சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் தலைகள் மட்டும் தெரிந்தன. தீபாவளி அன்று வராத அழுகை அன்றைக்கு வந்தது, அது என் பண்டிகையே இல்லை என்றபோதும்.

ஈரானிய நண்பர்தான் கதவைத் தட்டினார். சில நாள் முன்பு போன யல்தா இரவுக்கு, அதாவது வருடத்தின் மிக நீண்ட இரவுக்கு, வாங்கிய மாதுளையில் மிச்சம் இருந்தது. என்னிடம் அரிசியும் ரசப்பொடியும் இருந்தன. மாதுளை முத்துகளும் ரசஞ்சோறுமாக மூன்று நாளை ஓட்டினோம். ஆக, முதல் வருடம் டிசம்பர் 24-க்கு இரண்டே ஏற்பாடு போதும்: 22-ஆம் தேதிக்குள் நாலு நாள் மளிகை, ஊரில் தங்கும் இன்னொருவர் யார் என்ற விவரம்.

ஜனவரியில் நான் எதிர்பாராத ஒன்று. 6-ஆம் தேதியை ஒட்டி, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் வேடத்தில் காகிதக் கிரீடம் வைத்த பிள்ளைகள் வீடு வீடாக வந்து பாடி, ஏழைக் குழந்தைகளுக்காகப் பணம் திரட்டுவார்கள். ஸ்டெர்ன்சிங்கர் என்பார்கள், இதை நடத்தும் அமைப்பின் தலைமையகமே ஆஹனில்தான். பாடி முடித்ததும் நிலைக்கதவின் மேல் சாக்பீஸால் எழுதுவார்கள்: 20, ஒரு நட்சத்திரம், சி, எம், பி, நடுவே சிலுவைக் குறிகள், கடைசியில் 24. ராஜாக்கள் மூவரின் முதலெழுத்து என்று பலர் சொல்வார்கள். "கிறிஸ்து இவ்வீட்டை ஆசீர்வதிப்பாராக" என்ற லத்தீன் வாசகத்தின் சுருக்கம் அது. அடுத்த வருடம்வரை அழிக்க மாட்டார்கள். எதிர்வீட்டு நிலைப்படியில் அந்த வெள்ளை எழுத்தைப் பார்த்த அன்றே, பிள்ளைகள் தெருவில் கிறுக்கும் தடித்த வண்ணச் சாக்பீஸ் பெட்டி ஒன்று வாங்கினேன். பொங்கலுக்கு அதுதான் என் கோலமாவு. அறைவாசல் டைல்ஸில் ஐந்து புள்ளிக் கோலம். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

2024-இல் பொங்கல் ஜனவரி 15, திங்கள். சூரியன் உதிக்க எட்டரை ஆகும், அதுவும் மேகத்துக்குப் பின்னால். உத்தேசமாகக் கிழக்கே பார்த்து வைத்தேன். பித்தளைப் பானை கொண்டுபோகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இன்டக்‌ஷன் அடுப்பில் அது சூடேறாது, மண்பானையும் அப்படித்தான். கண்ணாடித் தகட்டு மின்னடுப்பு என்றால் அடி தட்டையான பாத்திரம் வேண்டும். நான் அடி கனத்த எவர்சில்வர் சட்டியில் வைத்தேன். பால் மேலே ஏறி விளிம்பைத் தொட்டபோது, காபி போட வந்த தாழ்வாரத்து மாணவி ஒருத்தி பதறிப்போய் அடுப்பை அணைத்துவிட்டாள். பொங்கி வழியத்தான் வேண்டும் என்று விளக்கி மறுபடி ஏற்றினோம். "பொங்கலோ பொங்கல்" அவளும் சேர்ந்து கத்தினாள். கண்ணாடியில் கருகிய பாலை அரைமணி நேரம் பிளேடால் சுரண்டியதும் நாங்கள் இருவரும்தான்.

கார்னவல் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அது உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். வியாழக்கிழமை பெண்கள் ராஜ்ஜியம்; கழுத்தில் டை கட்டியிருந்தால் கத்தரியால் வெட்டிவிடுவார்கள், பழைய டை போட்டுப் போங்கள். திங்கள் ஊர்வலத்தில் வண்டிகளிலிருந்து மிட்டாயை வாரி இறைப்பார்கள். "கமெல்லே!" என்று கத்திக்கொண்டு குடையைத் தலைகீழாக விரித்துப் பிடிக்க வேண்டும். ஆஹனிலும் கொலோனிலும் "அலாஃப்" என்றுதான் வாழ்த்த வேண்டும். டியூசல்டோர்ஃப் ஆட்களின் "ஹெலாவ்" வாயில் வந்தால் முறைப்பார்கள். மதுரைக்காரரிடம் திருநெல்வேலி அல்வாவைப் புகழ்வது மாதிரி. செவ்வாய் இரவு கொலோனில் மதுக்கடை வாசல்களில் நுப்பல் என்ற வைக்கோல் பொம்மையைக் கொளுத்துவார்கள். காசெல்லாம் போனதற்கு யார் காரணம், நுப்பல்! குடித்துக் கூத்தடித்ததற்கு யார் காரணம், நுப்பல்! எல்லாப் பாவத்தையும் அதன் தலையில் கட்டி எரித்துவிட்டு, மறுநாள் சாம்பல் புதனுக்கு நல்லபிள்ளையாகிவிடுவார்கள். நம் போகிக்கு இதில் பாதி சாமர்த்தியம்கூட இல்லை.

ஏப்ரல் 30 இரவு வேறொரு வேடிக்கை. பையன்கள் வண்ணக் காகிதம் கட்டிய பிர்ச் மரத்தைத் தாங்கள் விரும்பும் பெண்ணின் வீட்டுச் சுவரில் கட்டிவிட்டு வருவார்கள்; லீப் வருடத்தில் இது பெண்களின் முறை. 2024 லீப் வருடம். காலையில் தெருவெல்லாம் மரங்கள், எங்கள் விடுதிக்கும் ஒன்று. எனக்கில்லை.

கோடை வந்தால் ஒருமுறை ஹாம் போய் வாருங்கள். ஆஹனிலிருந்து ஒரே ரயில், மாறவே வேண்டாம். ஏறக்குறைய மூன்று மணி நேரம், மாணவர் பயணச்சீட்டே போதும். ஹாம் நகரத்தின் ஊன்ட்ரோப் தொழிற்பேட்டையில், கிடங்குகளுக்கு நடுவே, ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் கோபுரம் நிற்கிறது. 1980-களிலிருந்து போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் கட்டியது, 2002-இல் குடமுழுக்கு நடந்தது. தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருவார்கள். காவடி, தேங்காய் உடைப்பு, அங்கப்பிரதட்சிணம் எல்லாம் தார்ச்சாலையில் நடக்கும். தீர்த்தமாடக் கடல் பக்கத்தில் இல்லை. சரக்குப் படகு போகும் கால்வாயில் அம்பாள் தீர்த்தமாடுகிறாள். உள்ளூர் ஜெர்மானியர்கள் பிள்ளைகளோடு வந்து வடை தின்றுகொண்டு பார்க்கிறார்கள். தேர்வடத்தில் கைவைக்க இடம் கேட்டபோது "வாங்கோ தம்பி, பிடியுங்கோ" என்று ஒருவர் நகர்ந்துகொண்டார். கோயிலைத் தேடி வந்த இந்திய மாணவன் என்ற கூச்சம் அந்த வடத்தோடு போயிற்று. அவர்கள் பண்டிகைக்கு ஊர் இல்லாத இடத்தில் ஊரையே உண்டாக்கியவர்கள். பத்துப் பேருக்கு இட்லி அவிக்கவே மலைக்கும் நமக்கு அங்கே பார்த்துக் கற்க நிறைய உண்டு.

இரண்டாவது வருடம் நான் விடுதியை விட்டு மூன்று ஜெர்மானியர்களோடு பகிர்ந்த வீட்டுக்கு மாறினேன். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழன். மறுநாள் அனைத்துப் புனிதர் நாள், எங்கள் மாநிலத்தில் விடுமுறை. எனவே இரவு விருந்துக்கு எல்லோரையும் கூப்பிட்டேன். நடுவில் அழைப்பு மணி. பேய் வேடம் போட்ட மூன்று வாண்டுகள், ஹாலோவீன். கையில் இருந்த மைசூர்பாகைக் கொடுத்தேன். ஒருவன் முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டான். உள்ளே, முறுக்குப் பிழிய நாழி இல்லாமல் கேக் கிரீம் பிழியும் பையில் மாவை அடைத்து முயன்று கொண்டிருந்தோம். முதல் ஈடு பை கிழிந்து போயிற்று.

அன்று சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது வீட்டுத்தோழன் ஒருவன், "கிறிஸ்துமஸுக்கு நீ எங்கே?" என்று கேட்டான். முந்தின வருடம் யாருமே கேட்கவில்லை. நான் யாரையும் கூப்பிட்டிருக்கவும் இல்லை. டிசம்பர் 24 அன்று ஐஃபல் மலைப்பக்கம் ஒரு கிராமத்தில் அவன் பாட்டி வீட்டில் இருந்தேன். பெரிய விருந்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அந்த இரவுக்குப் பல வீடுகளில் உருளைக்கிழங்கு சாலட்டும் தொத்திறைச்சியும்தான். சமையலில் நேரம் போகக்கூடாது என்பார்கள். பூவோ சாக்லேட்டோ கொண்டுபோங்கள், சொன்ன நேரத்துக்குப் போங்கள், வாசலில் ஷூவைக் கழற்றட்டுமா என்று கேளுங்கள். நான் முறுக்கு கொண்டுபோனேன். பாட்டி ஒன்றை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்த அச்சில் வருகிறது என்று கேட்டார். கிளம்பும்போது மிஞ்சிய சாலட்டை மூடிபோட்ட நீல டப்பாவில் அடைத்துக் கையில் திணித்தார். பாட்டிகள் எல்லா ஊரிலும் ஒரே ஆள்தான்.

டப்பாவைக் கழுவி வைத்துவிட்டேன். வெறுமனே திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை, அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. மூன்று வாரத்தில் பொங்கல் வந்தது. அதில் சர்க்கரைப் பொங்கலை நிரப்பி வீட்டுத்தோழனிடம் கொடுத்தனுப்பினேன். ஈஸ்டருக்கு அது சாயம் பூசிய எட்டு முட்டைகளோடு திரும்பி வந்தது.